ஆற்றுக்கு வழி விடுவோம்

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் அன்பர்கள் படியேறித்தான் சந்நிதியை அடைய வேண்டும். தலம் மேட்டில் அமைந்ததற்குத் தலபுராணம் ஒரு காரணம் கூறுகிறது. பெருமாள் கேசி என்னும் அசுரனை அடக்கி அவன்மீது பள்ளிகொண்டார். அசுரனின் மனைவி முறையிடவே, கங்கை தாமிரபரணியோடு சேர்ந்து பெருவெள்ளமாகப் பாய்ந்து வந்தாள். பூமிதேவி அவ்விடத்தை உயர்த்தினாள். சீறி வந்த ஆறுகள் பெருமாளை வலம்வந்து வணங்கித் தம் வழியே சென்றன. ஆறு வட்டமிட்ட ஊர் வட்டாறு ஆயிற்று.

அருமனையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிறுவயது முதலே இக்கதை தெரியும். ஆனால் அதன் உட்பொருள் விளங்க அறுபது வயதைக் கடக்க வேண்டியிருந்தது. பூமிதேவி வெள்ளத்தை மறித்து நிற்கவில்லை. தலத்தை உயர்த்தினாள், ஆறு செல்ல வழியும் விட்டாள்.

அணையும் கையிருப்பும்

எங்கள் கோதையாற்றின் குறுக்கே, திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மிஞ்சின் முன்னின்று கட்டியது பேச்சிப்பாறை அணை. 1897-இல் தொடங்கிய பணி 1906-இல் நிறைவுற்றது. பரளியாற்றின் குறுக்கே பெருஞ்சாணி அணை 1953-இல் பயன்பாட்டிற்கு வந்தது. நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ இரு போகங்களுக்கும் நீர் தருவதே இவற்றின் முதற்பணி. இவ்விரு ஆறுகளும் திருவட்டாற்றை அடுத்த மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைகின்றன.

பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி; 42 அடியை எட்டும்போதே வெள்ள எச்சரிக்கை விடுக்கின்றனர். பெருஞ்சாணியில் 77 அடி. எச்சரிக்கை 71 அடியில். இரண்டிலும் இடைவெளி ஆறு அடியே. நீரை வீணாகத் திறந்துவிடுகிறார்களே என்று வருந்துவோர் உண்டு. வங்கியில் பணியாற்றிய எனக்கு அது வீண் என்று தோன்றுவதில்லை. வைப்புத்தொகை முழுவதையும் எந்த வங்கியும் கடனாகக் கொடுத்துவிடாது. எதிர்பாராத நாளுக்கென ஒரு பகுதியைக் கையிருப்பாக வைத்திருக்கும். அணையின் கையிருப்பு, அதில் விட்டுவைக்கும் வெற்றிடமே. விளிம்புவரை நிரம்பிய அணைமீது ஐப்பசி மழை கொட்டினால், வரும் நீரை அப்படியே வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைத் தாங்க வேண்டியவர்கள் திற்பரப்பு முதல் குழித்துறை வரை ஆற்றங்கரையில் வாழ்பவர்களே.

காவிரியும் கோசியும்

முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். கரிகாலன் எழுப்பியதாகப் போற்றப்படும் கல்லணை, காவிரியைத் தேக்கி வைப்பதற்கன்று. பாசனத்திற்கு வேண்டிய நீரைக் காவிரியில் விட்டு, மிகுந்த வெள்ளத்தைத் தாழ்வான கொள்ளிடத்தில் திருப்பிவிடுவதே அதன் பணி. திருவரங்கனை இருபுறமும் தழுவிச் செல்லும் அவ்விரு ஆறுகளில், வெள்ளத்தைச் சுமப்பது கொள்ளிடமே.

இதற்கு மாறான பாடம் பீகாரின் கோசி ஆறு. 1950-களில் அதன் இருபுறமும் நெடுங்கரைகள் எழுப்பினர். இமயத்திலிருந்து அது சுமந்துவரும் வண்டல் கரைகளுக்கிடையே படிந்து படிந்து ஆற்றின் தரையே உயர்ந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகா என்னுமிடத்தில் கரை உடைந்தது. அன்று ஓடிய நீர், கரை தாங்கும் என்று கணக்கிட்டிருந்த அளவைவிட மிகக் குறைவு. ஆறு தன் பழைய தடத்தைத் தேடிச் செல்ல, இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். கடலை மறித்தே நாடு கண்ட நெதர்லாந்தினரும், இந்நூற்றாண்டில் பல இடங்களில் ஆற்றின் கரைகளைப் பின்னுக்கு நகர்த்தி, வெள்ளத்திற்கு இடம் விட்டிருக்கின்றனர்.

என் வீட்டுச் சுவர்

இவ்வளவும் அறிந்த நானே ஒரு பிழை செய்தேன். ஓய்வுபெற்று வீட்டைப் புதுப்பித்தபோது, பின்புறத் தோட்டை நெருக்கி மூன்றடி தள்ளிச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். கோடையில் அங்கே கணுக்கால் நனையும் தண்ணீர்கூட இராது. 2021 நவம்பர் பெருமழையில் அத்தோடு பொங்கியது. என் சுவர் அசையவில்லை. மறுகரையிலிருந்த மூதாட்டியின் அடுக்களைக்குள் வெள்ளம் புகுந்தது.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். சேறு படிந்த அரிசிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "மக்களே, தோட்டுக்குப் போவ வழி இல்லேன்னா, அது எங்க வீட்டு வழியாத்தானே போவும்?" என்றார். குரலில் கோபமில்லை. அதுவே என்னை உறங்கவிடவில்லை.

தை பிறந்ததும் சுவரை இடித்து, நான்கடி பின்னால் தள்ளிக் கட்டினேன். மூன்றடி நான் எடுத்தது, ஓரடி வட்டி. அதன்பின் வந்த மழைக்காலங்களில் தண்ணீர் அவர் படியேறவில்லை.

ஆடி அமாவாசையன்று ஆற்றில் இறங்கி, பிதுர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். அதே ஆற்றின் வாய்க்காலையும் தோட்டையும் தூர்த்துவிட்டு அந்த நீரைக் கையில் ஏந்துவது எப்படித் தகும்? அன்பர்கள் தத்தம் வீட்டுப் புறக்கடையை ஒருமுறை சென்று பார்க்க வேண்டுகிறேன். தண்ணீரின் இடத்தில் நம் சுவர் நின்றால், நம் காலத்திலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பிள்ளைகளுக்கு அந்தக் கடனை விட்டுச்செல்ல வேண்டாம்.