கடல் விஷமாகும் முன்பே

சித்தூரில் கடல் இல்லை. ஆனால் சந்தையில் கடல் மீன் உண்டு. 2022-ல் உருவான திருப்பதி மாவட்டத்துக்கோ கடற்கரையே இருக்கிறது. ஆகவே கடலில் நடப்பது இங்குள்ளவர்களுக்கும் வேண்டிய செய்திதான்.

ஒரு சொம்பு கடல்நீர் எடுத்துப் பாருங்கள். தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஏராளமாக மிதக்கின்றன. அவற்றில் பல, செடியைப் போல வெயிலில் உணவு தயாரிப்பவை. அவை நுண்பாசிகள். கடலில் பெரும்பாலான மீன்களுக்குச் சோறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சில சமயம் ஒரே வகை உயிர் அளவுக்கு மீறிப் பெருகிவிடும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் அப்படி நடந்தது. பாம்பன் பக்கம் கடல் பச்சையானது. மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின.

பச்சை நிறம் கண்ணுக்குத் தெரியும். நஞ்சு தெரியாது. அதுதான் பெரிய தொல்லை. ஒரு வகை நுண்பாசி சில நேரம் நஞ்சு சுரக்கும். அதைத் தின்ற மட்டியிலும், மட்டியைத் தின்ற நண்டிலும் நஞ்சு ஏறும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. 1987-ல் கனடாவில் அப்படிப்பட்ட மட்டியைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். சிலருக்கு ஞாபக சக்தியே போய்விட்டது. 2015-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா கடலிலும் இந்த நஞ்சு பரவியது. நண்டு பிடிக்கும் தொழில் மாதக்கணக்கில் நின்றது.

இதை முன்கூட்டியே அறிய முடியுமா?

பக்கத்து வீட்டில் சாயங்காலம் வழக்கத்தைவிட அதிகமாக மாவு அரைக்கிறார்கள். நாளை விருந்தாளி வருகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடும். பாசிக்குள்ளும் இப்படித்தான். ஒவ்வோர் உயிருக்குள்ளும் மரபணுக்கள் இருக்கின்றன. எதை எப்படிச் செய்வது என்ற குறிப்புகள் அவை. ஒரு வேலை தேவைப்பட்டால், உயிர் அந்தக் குறிப்பை மட்டும் நகல் எடுக்கும். வேலை அதிகமானால் நகலும் அதிகமாகும். விஞ்ஞானிகள் அந்த நகல்களை எண்ணுகிறார்கள்.

கலிபோர்னியாவில் 2015-ல் வாராவாரம் கடல்நீர் எடுத்து வைத்திருந்தார்கள். அதைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மரபணுக்கள் முக்கியம். ஒன்று நஞ்சு செய்யும் குறிப்பு. மற்றொன்று நீரிலிருந்து சிலிக்காவை இழுக்கும் குறிப்பு. இந்தப் பாசியின் ஓடு கண்ணாடி போன்றது. அதைக் கட்ட மணலில் உள்ள சிலிக்கா வேண்டும். சிலிக்கா குறைந்தால் பாசி தவிக்கிறது. இரண்டு குறிப்பும் சேர்ந்து வேலை செய்தால், நஞ்சு வரப்போகிறது என்று ஒரு வாரம் வரை முன்பே சொல்ல முடிந்தது. ஒரு வாரம் என்பது மீனவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

நம் நாட்டில் ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையம் பாசிப் பெருக்கம் பற்றித் தகவல் தருகிறது. செயற்கைக்கோள் கடலின் நிறத்தை மேலிருந்து பார்க்கிறது. பாசி எங்கே பரவியது என்று அது காட்டும். அந்தப் பாசி என்ன செய்யப்போகிறது என்று அறிய, நீரை மொண்டுதான் பார்க்க வேண்டும்.