தில்லை மரமும் கரியமில வாயுவும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரை வழங்கியது ஒரு மரம். உப்பங்கழி ஓரத்தில் வளரும் அம்மரத்தை இன்றும் பிச்சாவரத்தில் காணலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் சுரபுன்னையும் வெண்கண்டலும் செறிந்து நிற்கும் அலையாத்திக் காடு அது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் பல பெருஞ்சேதத்தினின்றும் தப்பின.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்திற்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இவ்வாயு மரத்தின் உணவாயிற்றே, உணவு மிகுந்தால் காடு செழிக்குமன்றோ எனச் சிலர் வினவுவர். வினா முறையானதே. வாயு மிகும்போது ஒளிச்சேர்க்கை விரைவுபெறுகிறது. இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொள்வதால் நீரும் மிச்சமாகிறது.

ஆயினும் மரம் காற்றை மட்டும் உண்டு வளர்வதில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் திறந்தவெளி மரத்தோப்பு ஒன்றிற்கு இவ்வாயுவை ஆண்டுக்கணக்கில் செலுத்திப் பார்த்தனர். தொடக்கத்தில் மிகுந்த வளர்ச்சி, மண்ணில் தழைச்சத்து போதாமையால் பின்னர்த் தளர்ந்தது. ஆஸ்திரேலியாவில் மணிச்சத்துக் குறைந்த யூகலிப்டஸ் காட்டிலோ மரங்கள் கூடுதலாகப் பருக்கவேயில்லை. அவை மிகுதியாக ஈர்த்த கரியில் பாதியளவு மண்ணின் சுவாசமாக மீண்டும் காற்றையே அடைந்ததென 2020 இல் ஆய்வாளர் அறிவித்தனர். வேர்கள் கசியவிடும் இனிப்புப் பொருளை உண்டு மண்ணின் நுண்ணுயிர்கள் வெளிவிடும் மூச்சே அதற்குக் காரணமாகும்.

அலையாத்தி மண் சற்று வேறானது. நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு அரிது. எனவே உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் மெல்லவே மட்குகின்றன. கரி நெடுங்காலம் புதைந்து கிடக்கிறது. ஆனால் இங்கே மரத்தை வருத்துவது உப்பு. பிச்சாவரத்திலும் காணப்படும் சுரபுன்னை இனமொன்றை ஆராய்ந்து 1997 இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, உப்பு மிகுந்து வளர்ச்சி தடைப்படும் நிலையில் கூடுதல் கரியமில வாயு அதிகம் உதவுவதில்லை எனக் காட்டிற்று.

பிச்சாவரத்தின் வரலாறும் உப்பின் கொடுமையை உணர்த்தும். ஆங்கிலேயர் காலத்தில் கூறுகூறாக மரங்களை அறவே வெட்டியமையால், வெறுமையான நிலம் தாழ்ந்து குழிந்தது. தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்ற, உப்பு மிகுந்து நாற்றுகள் முளைக்க இயலாமற் போயின. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் இணைந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர், ஓதநீர் வந்து மீண்டது, காடும் தழைத்தது.

எனவே காற்றில் வாயு பெருகுவதை நம்பி நாம் வாளாவிருத்தல் தகாது. ஆற்றின் நன்னீர் கழிமுகத்தை அடையவேண்டும். ஓதம் தடையின்றி உலவவேண்டும். பிச்சாவரத்திற்குப் படகேறச் செல்லும் நம் மாணவர்கள், அவ்வாய்க்கால்களையும் ஒருமுறை கண்டு வருவார்களாக.