ஆறு மணி நேரம், மூன்று மாத்திரை

மாசமாக இருப்பவருக்கு பிரஷர் 160/110-ஐத் தொட்டுவிட்டால் டாக்டர்களின் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். பெரிய ஆஸ்பத்திரியென்றால் ஊசி மருந்தை நரம்பில் ஏற்றி, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வார்கள். ஒரு நர்ஸ் ஒரு வார்டையே சமாளிக்கும் இடத்தில் என்ன செய்வது? மாத்திரையே போதுமா? போதுமென்றால், எது?

இதற்கு விடை தேடிய ஆய்வு நாக்பூரில் நடந்தது. 2015 முதல் 2017 வரை அங்கே இரண்டு அரசு மருத்துவமனைகளில், 28 வாரம் கடந்து பிரஷர் எகிறிய 894 பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிஃபெடிபின் 10 மி.கி., அடுத்ததற்கு லேபெடலால் 200 மி.கி. இறங்காவிட்டால் மணிக்கொரு முறை மறுபடியும். மூன்றாம் பிரிவுக்கு மெத்தில்டோபா 1,000 மி.கி., ஒரே தடவை. ஆறு மணி நேரத்துக்குள் பிரஷர் இறங்க வேண்டும். அதலபாதாளத்துக்கும் போய்விடக் கூடாது. போனால் நச்சுக்கொடிக்கு ரத்தம் குறையும்.

2019-இல் 'தி லான்செட்' இதழில் முடிவு வந்தது. பக்கவிளைவு இல்லாமல் பிரஷர் கட்டுக்குள் வந்தவர்கள் நிஃபெடிபினில் 84 சதவீதம், லேபெடலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. நிஃபெடிபினுக்கு மாலை போட்டுவிடலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அது உறுதியாக முந்தியது மெத்தில்டோபாவை மட்டுமே. லேபெடலாலுடனான இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம். தவிர, பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன குழந்தைகள் நிஃபெடிபின் பிரிவில்தான் அதிகம்.

எனக்கென்னவோ, கடைசியில் வந்த மெத்தில்டோபாதான் பெரிய செய்தி. 1960-களிலிருந்து புழங்கும் பழைய மருந்து; ஒரே வேளை கொடுத்து நான்கில் மூன்று பேருக்குக் கேட்டிருக்கிறது. மற்ற இரண்டும் கையிருப்பில் இல்லாத ஊரில் இதை வைத்தே தொடங்கலாம்.

எதைக் கொடுப்பது என்பதை ஆளைப் பார்த்தும் முடிவுசெய்வார்கள். ஆஸ்துமா இருந்தால் லேபெடலாலைத் தவிர்ப்பார்கள். மெத்தில்டோபா தூக்கத்தை வரவழைக்கும், மனச்சோர்வும் தரலாம். நிஃபெடிபின் தலைவலி தரும். இங்கேதான் சிக்கல்: வலிப்புக்கு முன்னறிவிப்பாக வருவதும் தலைவலிதான்.

இன்னொரு கூட்டமும் உண்டு, கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை மாத்திரைகள் கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே பழைய மருந்துச்சீட்டோடு டாக்டரிடம் போய் வேறு மாத்திரைக்கு மாற வேண்டும்; அவரைக் கேட்காமல் நிறுத்திவிடவும் கூடாது.