பட்டறைக்கு பிளாஸ்மா கட்டர் வாங்குமுன்

பூதப்பாண்டி வாசகர் ஒருவர், வீட்டோடு சேர்ந்த பட்டறைக்கு எந்த பிளாஸ்மா கட்டர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். கன்னிப்பூ, கும்பப்பூ நடவுக்கு முன் கேஜ் வீல் பழுதுபார்ப்பதுதான் அவருக்கு முக்கிய வேலை. அதில் வரும் பட்டை, ஆங்கிள் பெரும்பாலும் 10 மி.மீ.க்குள்தான் இருக்கும். 40 ஆம்பியர் இயந்திரம் தாராளம். கடையில் ஆம்பியரை மட்டும்தான் சொல்வார்கள். 'டியூட்டி சைக்கிள்' எவ்வளவு என்று கேளுங்கள். 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெட்டலாம், மீதி நேரம் ஆறவிட வேண்டும்.

இயந்திரத்தைவிடக் காற்றைக் கவனியுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் கம்ப்ரஸர் டாங்கியில் தண்ணீர் சேரும். ஈரக்காற்று போனால் நாசிலும் எலக்ட்ரோடும் சீக்கிரம் தீய்ந்துவிடும். ஈரம் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். டாங்கியைத் தினமும் வடித்துவிடுங்கள்.

கம்ப்ரஸரும் சேர்ந்து ஓடினால் சுமார் 6 கிலோவாட் இழுக்கும். தோட்டத்து இலவச மின்சாரத்தில் மாட்டிவிடாதீர்கள். 2003 மின்சாரச் சட்டப்படி அது அனுமதியற்ற பயன்பாடு. இருமடங்கு கட்டணம் போடுவார்கள். பட்டறைக்குத் தனி இணைப்பு வாங்குங்கள்.

காலி டீசல் பீப்பாயை மட்டும் யார் கொண்டுவந்தாலும் வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

பூவுக்கு இரண்டு மூன்று வீல்தான் வருகிறதென்றால் இத்தனையும் வேண்டாம், ஆங்கிள் கிரைண்டரே போதும்.