பிசிறு என்னும் தடயம்

வெக்டார் கோடு என்பது உண்மையில் கோட்டைப் பற்றிய ஒரு சூத்திரம். புள்ளிகளையும் அவற்றின் கைப்பிடிகளையும் நாம் வைத்தால் போதும், இடைப்பட்ட வளைவைக் கணிதமே போட்டுக்கொள்ளும். இதன் பூர்வீகம் கார் தொழிற்சாலை. சித்ரோவனில் 1959இல் பால் தெ காஸ்தெல்ஜோவும், ரெனோவில் 1960களில் பியர் பெஸியேவும் காரின் உடலை வழவழப்பாக வடிவமைக்க உருவாக்கிய வளைவு, 1987இல் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வழியாக ஓவியர்களின் மேசைக்கு வந்துசேர்ந்தது. ஆக, வழவழப்பு அதன் பிறவிக்குணம்.

கைக்கோடு வேறு ஜாதி. மை தீரும், தாள் தூரிகையைப் பிடித்து இழுக்கும், கை கொஞ்சம் தயங்கும். கேத்தே கோல்விட்ஸ், கார்ல் லீப்னெக்ட் நினைவுப் படத்தை அமில அரிப்பு அச்சிலும் கல்லச்சிலும் முயன்றுவிட்டு, 1920இல் மரச்செதுக்கில்தான் முடித்தார். உளியை எதிர்த்து நிற்கிற மரம் அந்தத் துக்கத்தில் பங்கேற்கிறது. பிசிறு என்று நாம் சொல்வது, பொருளுக்கும் கைக்கும் நடந்த இழுபறியின் தடயம்.

இந்தத் தடயத்தையும் மென்பொருள் இன்று தயாராக வைத்திருக்கிறது. 'ரஃபன்' கொடுத்தால் விளிம்பு நடுங்கும். 'கிரெய்ன்' கொடுத்தால் மணல் தூவினாற்போலப் புள்ளி விழும். உற்றுப் பாருங்கள்: நெற்றியிலும் செருப்பிலும் ஒரே நடுக்கம். எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்கிற தீர்மானம் அதில் இல்லை.

மாற்று வழி எளிதுதான். சொரசொரப்பான தாளில் காய்ந்த தூரிகையால் மையை இழுங்கள், கரியைத் தேயுங்கள். ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, 'இமேஜ் டிரேஸ்' செய்தால் அதுவும் வெக்டாராகிவிடும். வெள்ளையை நீக்கி, 'கிளிப்பிங் மாஸ்க்'கால் உருவத்துக்குள் அடக்கி, நிழல் விழும் பக்கத்தில் மட்டும் வையுங்கள். பொடித் துணுக்குகளைக் கழிக்காவிட்டால் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்து கோப்பு நகராது. ஒரே கறையைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் கண் கண்டுபிடித்துவிடும், ஐந்தாறாவது வேண்டும்.

கடைசியில் இதுவும் சூத்திரம்தானே என்று கேட்கலாம். சூத்திரம்தான், ஆனால் நடந்த ஒன்றின் சூத்திரம். ஃபிளெக்ஸ் வந்தபின் நம் ஊர்ச் சுவர் ஓவியர்கள் பலர் தொழிலை இழந்தார்கள். அந்தத் தூரிகை வீச்சின் தோற்றம் மட்டும் வேண்டும், தூரிகை பிடித்தவர் வேண்டாம் என்றால், பிசிறும் ஒரு சரக்காகிவிடும். போராட்டச் சுவரொட்டிக்கு அதைப் பயன்படுத்தும் நாம், அது யார் கை, அந்தக் கைக்குக் கூலி போனதா என்று கேட்டுத்தான் ஆகணும்.