ஸ்லோ குக்கரின் அடிப்பக்கம்

ஆழ்வார்குறிச்சியிலும் அதைச் சுற்றியுள்ள சிவசைலம், கடையம், பொட்டல்புதூர் முதலிய ஊர்களிலும், பிள்ளைகளை அயல்நாட்டு உத்தியோகங்களுக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் வயோதிகர்களின் சமையலறைகளுக்கு, சில வருஷங்களாக ஒரு புதிய உபகரணம் வந்துகொண்டிருக்கிறது. காலையில் பருப்பையும் காய்கறியையும் இட்டு மூடிவிட்டால், அடுப்படியில் நின்று கிளறும் சிரமமின்றி, மத்தியானத்துக்கோ இரவுக்கோ தானே வெந்து பக்குவமாகும் ஸ்லோ குக்கர் என்னும் மின்சாரப் பாத்திரம் அது. முழங்கால் வலியோடு போராடும் ஒரு தாயாருக்கு இது பெரிய உபகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாங்குகிறவர்கள், வாங்கி அனுப்புகிற பிள்ளைகள், ஆலோசனை சொல்லுகிற கடைக்காரர்கள் ஆகிய மூவரும் செய்கிற பிழைகள் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப என் கண்ணில் படுவதால், இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதற்பிழை அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வருவது. விடுமுறைக்கு வந்த மகள் ஆசையோடு கொண்டுவந்த குக்கரின் தட்டையான இரண்டு கம்பிப் பிளக், நம் வீட்டுச் சுவரில் நுழையாது. உடனே கடைத்தெருவுக்கு ஆள் போகும்; கடைக்காரர் ஓர் அடாப்டரை எடுத்துக் கொடுத்து, இதைப் போட்டால் போதும் என்பார். அந்த அடாப்டர் பிளக்கின் உருவத்தை மாற்றுமேயன்றி மின்சாரத்தின் வோல்டேஜை மாற்றாது. இதை அறியாமல் சுவிட்சைப் போட்ட ஒரு வீட்டுக்கு நான் போயிருந்தேன்: வெளிப்பாத்திரத்தின் அடியில் பிளாஸ்டிக் கால் உருகிக் கடப்பைக்கல் மேடையில் ஒட்டியிருந்தது; உள்ளே பீங்கான் பாத்திரம் விளிம்பிலிருந்து அடிவரை ஒரே கோடாகப் பிளந்து, சாம்பார் கம்பிச்சுருளின்மேல் வடிந்து கரிந்திருந்தது. குக்கரைக் கவிழ்த்துப் பார்த்தபோது, அடியில் ஒட்டியிருந்த வெள்ளி நிற ஸ்டிக்கரில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 240 வாட் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பாகும்போது சூடு இரட்டிப்போடு நிற்பதில்லை. வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 240 வாட் தர வேண்டிய சுருள் சுமார் 880 வாட் சூட்டைக் கக்கும். அன்று தீப்பிடிக்காமல் போனது அந்தக் குடும்பத்தின் அதிர்ஷ்டம்.

ஆகையால், எந்த நாட்டிலிருந்து எவர் கொண்டுவந்தாலும், குக்கரின் அடிப்பக்கத்தைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் சாமான்கள் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானியச் சாமான்கள் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. இவை நமக்கு உதவா. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, பிரிட்டன் ஆகிய இடங்களின் வோல்டேஜ் நம்முடையதற்கு ஒத்ததாகையால், பிளக்கை மட்டும் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, எர்த் கம்பியோடு சேர்த்து மாற்றிக்கொண்டால் போதும். அமெரிக்கக் குக்கரை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம், ஆனால் 240 வாட் குக்கருக்கு 500 வாட் தாங்கும் கனமான டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதை ஒருநாள் மறந்து குக்கரை நேரே சுவரில் செருகிவிட்டால் முன் சொன்ன விபரீதமே நிகழும். எழுபது வயதுத் தம்பதியர் மட்டும் இருக்கும் வீட்டில் அந்த அபாயத்தை வைப்பது தகாது. அங்கே வாங்கியதற்கு அளித்த வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது. பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பெட்டியில் கொண்டுவராதீர்கள், பணத்தை அனுப்பி இங்கேயே வாங்கச் சொல்லுங்கள்.

உபயோகித்த பழைய குக்கரைக் கொடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அது கம்பெனி திரும்பப் பெற்ற மாடலாக இருக்கலாமாகையால், அடிப்பக்கத்து மாடல் எண்ணையும் பார்க்க வேண்டும். 2020 நவம்பரில், மூடி சரியாகப் பூட்டாமலே அழுத்தம் ஏறிச் சூடான உணவு வெளியே சீறிப் பலருக்குச் சூட்டுக்காயம் ஏற்பட்டதை முன்னிட்டு, க்ராக்-பாட் எக்ஸ்பிரஸ் என்னும் பலவிதச் சமையல் குக்கரில் ஒரு மாடலை, அமெரிக்காவில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல், கம்பெனியே திரும்பப் பெற அறிவித்தது.

இங்கே வாங்குவதிலும் அலட்சியம் குறைவாயில்லை. பெட்டியின் வர்ணப்படத்தைப் பார்த்து வாங்குகிறார்களே தவிர, கவிழ்த்துப் பார்ப்பவரைக் காணோம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பது முதலாவது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேலே ஐ.எஸ். 302 என்ற தர எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கின்றனவா என்பது இரண்டாவது. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் கடையில் நின்றபடியே தட்டிப் பார்த்தால், லைசென்ஸ் உண்மையானதா, எந்தக் கம்பெனிக்கு, எந்தச் சாமானுக்குக் கொடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். முத்திரை போலியென்று தெரிந்தால் அதே செயலியில் புகார் செய்யலாம். மதுரையிலுள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கிளை அலுவலகத்துக்கும் எழுதலாம். பிளக் மூன்று கம்பியுள்ளதாக இருக்க வேண்டும். அதன் எர்த் கம்பியை முறித்துவிட்டு இரண்டு துளையில் செருகும் கெட்ட வழக்கம் நம்மிடம் உண்டு. வெளிப்பாத்திரம் உலோகத்தாலானது, எட்டு மணி நேரம் மின்சாரம் ஓடுவது, பக்கத்தில் தண்ணீர்க் குழாய் உள்ளது. எர்த் கம்பியை முறிக்காதீர்கள். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்றாவது துளை இருந்தும் பின்னால் எர்த் இணைத்திராததைப் பலமுறை கண்டிருக்கிறேன். எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போர்டில் பொருத்திக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நிரம்பினால்தான் சமையல் சீராக நடக்கும்; இருவர் உள்ள வீட்டுக்கு ஆறு லிட்டர் வாங்குவது வீண். 200 வாட் குக்கர் எட்டு மணி நேரம் ஓடினாலும் செலவு 1.6 யூனிட்தான். ஆனால் உள்ளேயிருக்கும் பீங்கான் பாத்திரம் உடைந்தால் தனியே கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் தென்காசியிலா, திருநெல்வேலியிலா, அல்லது சென்னையில் மட்டுமா என்பதைப் பணம் கொடுக்குமுன் கேளுங்கள். உடையும் பாகங்களுக்குப் பெரும்பாலும் வாரண்டி இல்லை. உள்பூச்சைக் குறித்தும் ஒரு வார்த்தை: மட்டமான மெருகிலிருந்து ஈயம் கசியக்கூடும், புளிப்பு அதை இழுக்கும், நம் புளிக்குழம்போ மணிக்கணக்கில் அதிலேயே கொதிப்பது. தயாரிப்பாளர் பெயரில்லாத பாத்திரமும், உள்பூச்சில் விரிசல் விட்ட பாத்திரமும் வேண்டாம்.

உணவினால் வரும் அபாயத்தை எவரும் நினைப்பதில்லை. இந்தக் குக்கரின் தத்துவமே மெதுவாகச் சூடேறுவது என்பதால், 60 டிகிரிக்குக் கீழே உணவு நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். உறைந்த இறைச்சியை அப்படியே போடுவதும், பிரிட்ஜிலிருந்து எடுத்த பழைய குழம்பை இதில் சூடாக்குவதும் தவறு. ராஜ்மா விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். அதில் இயற்கையாகவே உள்ள ஒரு நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 டிகிரியளவில் மந்தமாக வெந்த ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிடவும் கெடுதல் செய்யலாம் என்பது ஆராய்ந்தவர்கள் கண்டது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பின்பே குக்கரில் இட வேண்டும். கொதிக்கவைக்காத ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரத்துக்குள் வரும். வயோதிகர்களுக்கு அது லேசான காரியமன்று. நமது சொதியைப் பொறுத்தவரை அபாயமொன்றுமில்லை. தேங்காய்ப் பாலைக் கடைசியில் சேர்த்தால் திரியாமலிருக்கும்.

மின்தடையையும் இத்தோடு சேர்த்து எண்ண வேண்டும். துணை மின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்திப் பிற்பகலில் கொடுக்கும் நாட்களை மின்வாரியம் முன்கூட்டிப் பத்திரிகைகளில் அறிவிக்கிறது. அதைப் படியாமல் 8 மணிக்குக் குக்கரைப் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். திருகுசுவிட்ச் உள்ள குக்கர், மின்சாரம் திரும்பியதும் ஒன்றும் நடவாததுபோல மறுபடி சூடேறும். இடையில் உணவு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாய்க் கிடந்தது வீட்டாருக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் இருந்தால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிக் கொதிக்கவிடுங்கள். இல்லாதபோது தடை நேர்ந்ததென்று தெரிந்தால், வெந்ததுபோல் தோன்றினாலும் கொட்டிவிடுங்கள்.

புதுக் குக்கரை வாங்கிய வாரத்திலேயே ஒரு சோதனை செய்தாக வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மூடி, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்த கணமே சமையல் தெர்மாமீட்டரால் அளந்தால், 85 முதல் 93 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தக் குக்கரில் சமைப்பது பத்திரமன்று. அளவைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, உடனே திருப்பிக் கொடுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போகும்போதுதான் மக்கள் தடுமாறுகிறார்கள்; ஏனெனில் அவர்களிடம் ரசீது இருப்பதில்லை. பில் இல்லாமல் வாங்கினால் சில நூறு குறையும் என்று கடைக்காரர் சொல்லும்போது தலையசைத்துவிடுகிறார்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது கொடாதிருப்பதே முறையற்ற வர்த்தகம். பழுதுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதும் அவ்வாறே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பயந்து திரும்பிவிடாதீர்கள். பழுதுள்ள பொருளுக்கு அது தடையாகாது. சர்வீஸ் சென்டரில் குக்கரைக் கொடுத்தால், சீரியல் எண்ணும் தேதியும் பழுதின் விவரமும் எழுதிய ஜாப் கார்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அட்டைப்பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது என்பதும், எம்.ஆர்.பி. விலையும், புகார் செய்ய வேண்டிய எண்ணும் அதில் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டாலோ, விலைக்கு மேல் வசூலித்தாலோ, தாலுகா ஆபீஸுக்குப் போய்க் காத்துக்கிடப்பதில் பிரயோஜனமில்லை. தமிழ்நாட்டில் இவற்றை விசாரிக்கும் அதிகாரம் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. மாவட்டத்துக்குரிய தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அவர்களுக்கு எழுத வேண்டும். எங்கே போக வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டிய உத்தியோகஸ்தர்கள், 'இது எங்கள் செக்‌ஷன் இல்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வதால் எத்தனை வயோதிகர்கள் வீணாக பஸ் ஏறி இறங்குகிறார்கள்! ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் பரிகாரம் செய்ய வேண்டும் என்பது 2020-ஆம் வருஷத்து விதி. பெரிய கம்பெனிகளை யார் கேட்பது என்று சோர்ந்துவிட வேண்டாம். தரக்கட்டளைக்குப் புறம்பான 2,265 பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்பனையாக இடங்கொடுத்ததற்காக, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு 1 லட்ச ரூபாய் அபராதம் விதித்து, வாங்கினவர்களுக்குத் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பும்படி உத்தரவிட்டது; அமேசான் அதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

கடையும் கம்பெனியும் அசையாவிட்டால், 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலும் பேசலாம், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆனால் இந்த உதவி எண் சமரசம் பேசுமேயன்றித் தீர்ப்பளிக்காது. வழக்குத் தொடுப்பதற்கான இரண்டு வருஷக் கெடு, 1915-ல் பேசியதனால் நிற்பதில்லை. இதை மறுபடியும் சொல்லுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் அநேகர்: பழுது நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்தாக வேண்டும்.

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும், பழுதையும் கேட்கும் பரிகாரத்தையும் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 2025-ல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சல் என்று கேட்டு, வரும் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிடில் மனு எழுதலாம். கடை சென்னையில் இருந்தாலும், டில்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரையில் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி என்னும் அரசுத் தளத்தின் வழியே வீட்டிலிருந்தே அனுப்பலாம். நாள்வாரியாக நடந்தவற்றின் குறிப்பு, ரசீது, வாரண்டி கார்டு, ஜாப் கார்டு, நோட்டீஸின் நகலும் அஞ்சல் ஒப்புகையும், அடிப்பக்கத்து ஸ்டிக்கரின் போட்டோ, இவை உண்மையென்று கூறும் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கடைக்காரரை மட்டுமன்றித் தயாரிப்பாளரையும், சீனச் சாமானானால் இறக்குமதியாளரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

பழுது கண்ணுக்குத் தெரியாததாயின், ஆணையம் குக்கரை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். 45 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும். அதற்கான கட்டணத்தை மனுதாரர் முன்கூட்டிக் கட்ட நேரலாம். ஆதலால் எரிந்த குக்கரையும், உடைந்த பாத்திரத்தின் துண்டுகளையும், உருகிய பிளக்கையும், வழக்கு முடியும்வரை பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாமல் ஒரு சாக்கில் கட்டி, வாங்கிய தேதியை மேலே எழுதி வைத்திருங்கள்.