தூரம் – 7: கட்டை எழும்புவதற்குள்

பாரூரில் மாங்காய் ஏற்றிக்கொண்டு பெங்களூரு கிளம்பும் மினி லாரி பெரும்பாலும் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வழியாகத்தான் போகும். மேலே தொங்கும் ரீடர், முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கின் எண்ணைப் படித்துவிடுகிறது. அந்த எண்ணில் காசு இருக்கிறதா, டேக் முடக்கப்பட்டிருக்கிறதா? இதற்கான பதில் சாவடியில் இல்லை, தொலைவில் எங்கோ ஒரு வங்கியின் டேட்டாபேஸில் இருக்கிறது.

அந்த சர்வர் மும்பையில் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆயிரம் கிலோமீட்டர் போக 5 மில்லிவினாடி, திரும்பி வர இன்னொரு 5. எவ்வளவு செலவழித்தாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. கேபிள் வளைந்து நெளிந்து போகிறது, வழியில் ரூட்டர்கள் வேறு. 30 ஆகட்டும், கண்ணிமைக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

தாமதம் தூரத்தில் இல்லை, போய்த் திரும்பும் நடைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. புதிதாக இணைப்பு தொடங்க ஒரு நடை. டிஎல்எஸ் 1.2 என்றால் பாதுகாப்புக்கு இன்னும் இரண்டு, 1.3-இல் ஒன்று. கேள்வி கிளம்புவதே அதற்குப் பிறகுதான். சாவடியின் வங்கி, வங்கிகளை இணைக்கும் என்பிசிஐ, டேக் கொடுத்த வங்கி என்று ஒவ்வொரு கட்டத்திலும் இதையே முதலிலிருந்து செய்தால் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கத்தான் செய்வார். இணைப்புகளை மூடாமல் திறந்தே வைத்திருப்பது முதல் வைத்தியம்.

இரண்டாவது, கேள்விகளைச் சேர்த்துக் கேட்பது. ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் பில்லில் 50 வரி என்றால், விலையை வரிக்கு வரி தனி க்யூரியாகக் கேட்கும் புரோகிராம்கள் ஏராளம். நடைக்கு 20 மில்லிவினாடி, 50 நடைக்கு ஒரு முழு வினாடி. ஐம்பதையும் ஒரே க்யூரியில் கேட்டால் ஒரே நடை. இதைச் சொன்னால், பெரிய சர்வர் வாங்கித் தருகிறேன் என்கிற மேனேஜர்கள்தான் அதிகம்.

மூன்றாவது வழி, பதிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது. கிருஷ்ணகிரி அணையிலிருந்து வரும் தென்பெண்ணைத் தண்ணீரை நெடுங்கல் அணைக்கட்டில் திருப்பி பாரூர் ஏரியில் நிரப்பிக்கொள்வதைப் போல. ஃபாஸ்டேக்கின் ஐசிடி என்ற நெறிமுறையில் 2.4 பதிப்பின் முறை இதுதான்: டேக்குகளின் நிலைப் பட்டியல் சாவடிக்கு அவ்வப்போது வந்து சேரும், சாவடி அதைப் பார்த்தே முடிவெடுக்கும். வேகம்தான். ஆனால் வரிசையில் நின்றபடி ரீசார்ஜ் செய்தவரை அந்தப் பழைய பட்டியல் நம்பாது. பட்டியல் பிந்தியதற்கு அபராதம் கட்டுவது ஓட்டுநர். இது எனக்கு ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை.

முடங்கிய டேக்குகளுக்கு 60 நிமிடக் கெடு என்று என்பிசிஐயின் சுற்றறிக்கை 2025 பிப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். அது வங்கிகளுக்குள் எழும் தகராறுகளைத் தீர்க்கத்தான் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் விளக்கியது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் எல்லாம் ஐசிடி 2.5-இல், அதாவது டேக்கின் நிலையை உடனுக்குடன் அறியும் முறையில் இருப்பதாகவும், சில மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளே இன்னும் 2.4-இல் இருப்பதாகவும் அப்போது சொன்னது.

காசு கழிவது தனிக் கதை. கட்டை எழும்பி வண்டி போன பிறகுதான் அந்தக் கணக்கு எழுதப்படுகிறது. எஸ்எம்எஸ் பிந்தி வருவது அதனால்தான். அவசரமில்லாததை வழியிலிருந்து விலக்கி வைப்பதும் ஒரு வித்தைதான்.

கணக்கை எழுதும் இடத்தில் தூரம் மறுபடி குறுக்கே வரும். பல ஊர்களில் பிரதி வைத்திருக்கும் டேட்டாபேஸ்கள் பலவற்றில் எழுதுவதற்குப் பெரும்பான்மை தேவை. சென்னை, ஹைதராபாத், மும்பை என்று மூன்று பிரதிகள் இருந்தால் இரண்டு ஒப்புக்கொண்டாக வேண்டும். தலைமைப் பிரதி சென்னையில் என்றால் ஹைதராபாத்தின் பதில் வந்ததும் வேலை முடிந்தது, மும்பைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டையும் சென்னையிலேயே வைத்தால் இன்னும் வேகம். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஊர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், ஹைதராபாத் போய்வரும் 6, 7 மில்லிவினாடியைக் கொடுத்துவிடத்தான் நினைப்பார்கள்.

(தொடரும்)